தினமுமா, இப்போதா?

கோர்ட்டில் என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை குமாஸ்தாக்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். மாஜிஸ்திரேட்டின் மேஜைக்கு இடப்புறம், சாட்சிக் கூண்டுக்கும் அவருக்கும் நடுவில் கிடந்த பிரம்பு நாற்காலி அது. இப்போது வந்திருக்கும் மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்க்காரர். சாட்சி தமிழில் சொல்வதை அவரே கேட்டு அவரே இங்கிலீஷில் எழுதிக்கொள்கிறார். நடுவில் மொழிபெயர்க்க ஒருவன் எதற்கு? நியாயம்தான். ஆனாலும் அதை ரெக்கார்டு ரூமில் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்களாம்.

வந்தவர்களில் இளையவர், காபியைக் குடித்துவிட்டு, "சார், சாட்சி 'வர்றான்'னு சொன்னா 'ஹி கம்ஸ்'னு எழுதணுமா, 'ஹி இஸ் கமிங்'னு எழுதணுமா? புது அய்யா ரெண்டையும் மாத்தி மாத்தி எழுதறாரு" என்றார்.

"எழுதட்டுமே. மேலே அப்பீலில் தெரியும்" என்றேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

மற்றவர் சிரித்தார். "ஆம்பூர் கேஸ்ல நீங்க இன்னா சொன்னீங்கன்னு இன்னும் பேசிக்கிறாங்க சார். பேய் வந்து ஒங்க நாற்காலியில ஒக்காந்துச்சாமே?"

பேய் என் நாற்காலியில் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தது நான். ஆளுக்கொரு கையும் காலும் வைத்துச் சொல்லிக்கொண்டே போனால், நாளைக்கு நானே பேய் என்றும் சொல்வார்கள். ஆகவே நடந்ததை நானே எழுதி வைக்கிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேலூரில் மிஷன் பள்ளிக்கூடம், மெட்ரிகுலேஷன், பிறகு நகல் எழுத்தராகச் சில வருஷம், பரீட்சை, நாற்காலி. பள்ளிக்கூடத்தில் இந்த விஷயம் வெகு சுலபமாக இருந்தது. எப்போதும் நடப்பதற்கு ஒரு வடிவம், இந்த நிமிஷம் நடந்துகொண்டிருப்பதற்கு இன்னொன்று. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால் முதலாவது. பையன் அழுகிறான் என்றால் இரண்டாவது. அந்தப் பையன் பெரும்பாலும் நானாகவே இருந்ததால் வித்தியாசம் நன்றாக மனதில் பதிந்தது.

கோர்ட்டுக்கு வந்த பிறகுதான் தொல்லை. நம் ஜனங்கள் "வர்றான்" என்று ஒரே சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தினம் வருகிறவனும் வர்றான், இப்போது தெருமுனையில் தலை தெரிகிறவனும் வர்றான். தமிழ் கேட்கிறவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. இங்கிலீஷில் சொல்கிறபோது மட்டும் நான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுத்ததை மாஜிஸ்திரேட் துரை எழுதுவார். அவர் எழுதியதுதான் சாட்சி சொன்னது.

வேலைக்கு வந்த புதிதில் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி, "எம் புருசன் என்னெ அடிக்கிறான்" என்றாள். நான் பரபரப்பில் "ஹி இஸ் பீட்டிங் மி" என்று சொல்லிவிட்டேன். துரை பேனாவை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டு பூனை மாதிரி நின்றிருந்தான். வக்கீல்கள் அன்று சாயங்காலம் வரைக்கும் சிரித்தார்கள். இன்னொரு முறை விரிஞ்சிபுரத்தில் ஒரு வாய்க்கால் வழக்கு. "எங்க நெலத்துக்குத் தண்ணி பாயுது" என்றார் ஒரு பெரியவர். வழக்கமாகப் பாய்கிறது என்றால் அவருக்குப் பாத்தியதை உண்டு. இப்போது பாய்ந்துகொண்டிருக்கிறது என்றால் யாரோ நேற்று ராத்திரி மடையை வெட்டிவிட்டான் என்று பொருள். ஒரு குடும்பத்தின் சோறு என் நாக்கு நுனியில் நின்றது.

எங்கள் துரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சப் கலெக்டர், மாஜிஸ்திரேட் அதிகாரமும் அவருக்கே. நெட்டையான மனிதர், வெயிலில் காது மட்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்கும். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். பேனாவை மையில் தொட்டு, மைக்கூட்டின் விளிம்பில் தட்டி, எழுதப் போகிறபோது ஒரு வினைச்சொல் வந்தால் கை அந்தரத்தில் நின்றுவிடும். காகிதத்தைப் பார்த்தபடியே, "எவ்ரி டே, ஆர் நவ்?" என்பார். நான் சாட்சியைப் பார்த்து, "தினமுமா, இப்பவா?" என்பேன். பதில் வந்த பிறகுதான் பேனா இறங்கும். வக்கீல்கள் எனக்கு அதையே பட்டப்பெயராக வைத்தார்கள். "அதோ போறார் பாரு, தினமுமா இப்பவா!" நான் அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. உண்மையில் பெருமைதான்.

ஆம்பூர் கேஸ் ஆடி மாதக் கடைசியில் வந்தது. துரை அங்கே முகாம் போட்டதால் பயணியர் பங்களாவின் கூடத்தில்தான் கோர்ட்டு கூடியது. என் நாற்காலியும் எங்களோடு வண்டியில் வந்திருந்தது. ஊரைச் சுற்றித் தோல் பதனிடும் கிடங்குகள். அங்கே போய் இறங்குகிறவன் முதல் நாள் மூக்கைப் பிடித்துக்கொள்வான், மூன்றாம் நாள் அந்த நாற்றம் இருப்பதையே மறந்துவிடுவான்.

வழக்கு இதுதான். ஏழுமலை என்பவன் ஒரு கிடங்கில் சுண்ணாம்புக் குழி வேலை செய்தவன். பச்சைத் தோலை மயிர் கழலுவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடும் குழிகள் அவை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி சாயபுவும் சாயபு வேலைக்காரர்களும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மற்றவர்கள் வெளியே புளியமரத்தடியில் சோறு தின்னப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஏழுமலையைக் காணோம். நல்ல ஆட்டுத்தோல் கட்டு ஒன்றையும் காணோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் அதிக நேரம் ஆகவில்லை. திருடிக்கொண்டு ஓடிவிட்டான் என்று மேஸ்திரி முதலாளியிடம் சொன்னார், முதலாளி போலீஸில் சொன்னார்.

கூண்டில் நின்றது ஏழுமலை அல்ல. அவனுடைய அக்கா கன்னியம்மா. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் திரும்பி வந்து, தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். பாலாற்றங்கரையில் குடிசை. தேடப்படுகிற திருடனுக்கு வீட்டில் இடம் கொடுத்தாள் என்று அவள்மேல் குற்றம். அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்லியிருந்தார்கள். தினமும் சாயங்காலம் இரண்டு பேருக்குச் சோறு ஆக்குகிறாள். ஒரு தட்டை வாசலில் வைக்கிறாள். யாரோடோ பேசுகிறாள். மறைந்திருந்த கான்ஸ்டபிள் ஒருவன், "சாப்புடுடா, ஆறிடப்போவுது" என்று அவள் சொன்னதைத் தன் காதால் கேட்டிருந்தான். கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போனால் அவளைத் தவிர ஆள் இல்லை. ஆனால் தட்டு காலி. குற்றம் ருசுவானால் அவள் வேலூர் ஜெயிலுக்குப் போக வேண்டும்.

அவள் அழவில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி ஒரு பரபரப்போடு நின்றிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "ஒன் தம்பி ஒன் வீட்டுக்கு வர்றானா?"

"வர்றான்."

இன்ஸ்பெக்டரின் மீசை விரிந்தது. துரையின் பேனா அந்தரத்தில் நின்றது. "எவ்ரி டே, ஆர் நவ்?"

"ஏம்மா, தினமுமா, இப்பவா?"

"தெனமும்தான். வெளக்கு வெக்கிற நேரத்துக்கு."

அதை இங்கிலீஷில் சொன்னால் அவள் கதை முடிந்தது. 'ஹி கம்ஸ் எவ்ரி ஈவ்னிங்.' குற்றத்தை ஒப்புக்கொண்டது போலத்தான். சொல்லாமல் இருக்க எனக்கு அதிகாரம் கிடையாது. சொன்னேன். எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது, அதைக் குரலில் காட்டாமல் சொன்னேன். துரை எழுத ஆரம்பித்தார்.

அப்போது அவள் என் தோளுக்கு மேலாக வாசற்கதவைப் பார்த்தாள். "இப்பவும் வர்றான்" என்றாள். "படி ஏறினு இருக்கான்."

நான் கேட்கவேண்டிய கேள்விக்கே இடம் இல்லை. "ஹி இஸ் கமிங் நவ்" என்றேன். "ஹி இஸ் கமிங் அப் தி ஸ்டெப்ஸ்."

இன்ஸ்பெக்டர் துள்ளி எழுந்தார். "டேய், புடிங்கடா!" கான்ஸ்டபிள்கள் பக்கத்துக் கதவு வழியாகத் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். வெளியே நல்ல வெயில். வண்டிகள் அவிழ்த்துவிடப்பட்டுக் கிடந்தன. மாடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன. படியில் ஒருவரும் இல்லை.

நான் வெளியே பார்க்கவில்லை. வாசற்கதவில் நின்ற டவாலி மஸ்தானைத்தான் பார்த்தேன். பெரிய மனிதர்கள் உள்ளே வரும்போது மஸ்தான் ஒரு மாதிரி ஒதுங்குவான். தொப்பை பெரியது, கதவு சிறியது. வயிற்றை உள்ளிழுத்து, முதுகைக் கதவுநிலையில் ஒட்டிக்கொண்டு வழிவிடுவான். இப்போது அப்படித்தான் நின்றிருந்தான்.

துரையும் அதைப் பார்த்துவிட்டார். "அவன் ஏன் ஒதுங்கினான் என்று கேள்" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"யாரோ உள்ள வந்தாங்க ஸாப். ஈரமா மேல பட்டுச்சு. ஒதுங்குனேன்" என்றான் மஸ்தான். சொல்லிவிட்டு, வந்தவர் எங்கே என்று தானே கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மாறியதை நான் மறக்க மாட்டேன்.

வாசனையும் வந்தது. ஊரின் பழைய தோல் நாற்றம் இல்லை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அறைக்குள் நுழைந்தால் வருமே, அந்தக் காரமான, குளிர்ந்த வாசனை. அந்த பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"எங்கே இருக்கிறான் என்று கேள்."

கேட்டேன்.

"ஒங்க நாற்காலியாண்டதான் சாமி நிக்கிறான்" என்றாள் கன்னியம்மா.

நான் தலையைத் திருப்பவில்லை. என் நிதானத்தைத் துரை பிற்பாடு மெச்சிக்கொண்டார். நிதானமாவது ஒன்றாவது, கழுத்து திரும்பவில்லை, அவ்வளவுதான். இடது கை மட்டும் முழங்கை வரைக்கும் ஜில்லென்று இருந்தது.

"எப்படி இருக்கிறான்?"

"வெள்ளையா இருக்கான். கண்ணு புருவமெல்லாம் வெள்ள. தலைல துண்டு இல்ல." அவள் குரல் முதல் முறையாக உடைந்தது. "அதத்தான் தெனமும் சொல்றான் சாமி. துண்டு மேல தொங்குது, எவனும் எடுக்கல, நான் எப்டி வர்றதுன்றான். சோத்த வெச்சா பாத்துனே நிக்கிறான். நாயிதான் துன்னுட்டுப் போவுது."

"எந்தத் துண்டு? வழக்கமாகத் தொங்குவதா, இப்போது தொங்கிக்கொண்டிருப்பதா?" என்றார் துரை.

"குழில எறங்கறவன் மேல துண்டத் தொங்க வுட்டுட்டு எறங்குவான் சாமி. ஏறுனா எடுத்துக்குவான். அது தெனமும் நடக்கறதுதான். இவனுது அன்னிலேர்ந்து தொங்கினே கெடக்குது."

இரண்டையும் அப்படியே சொன்னேன். துரை எழுதவில்லை. "நீ அதைப் பார்த்தாயா?" என்று கேட்கச் சொன்னார்.

"பொம்பளைங்கள உள்ள வுடமாட்டாங்களே. நான் எங்க பாக்கறது? அவன்தான் சொல்றான்."

துரை மேஸ்திரியைக் கூப்பிட்டார். பெரியதம்பி என்று பெயர். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், பார்வைக்கும் அப்படியே. தொங்கும் துண்டு ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"இருக்குதுங்க. கடைசிக் குழில. செவுத்தாண்ட. அவன் துண்டுதான்."

"ஏன் எடுக்கவில்லை?"

"அடுத்தவன் துண்ட நாங்க எடுக்கமாட்டோம் தொரைகளே. ஓடிப்போனவன் வுட்டுட்டுப் போன துண்டு, அவனே வந்து எடுத்துக்கட்டும்னு வுட்டுட்டோம். துண்டு தொங்குனா அந்தக் குழியில கோலு வுட்டுக் கலக்கமாட்டோம், சுண்ணாம்பு கொட்டமாட்டோம், கிட்டவே போவமாட்டோம். அது பழக்கமுங்க. துண்டு தொங்குனா உள்ள ஆள் இருக்கான்னு..."

வாய் அப்படியே நின்றது. கையைத் துழாவிக் கூண்டின் கம்பியைப் பிடித்தார். பிறகு அங்கேயே குந்திவிட்டார்.

துரை என்னைப் பார்த்தார். நான் அவர் சொன்னதை இங்கிலீஷில் முடித்தேன். அதில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. துரை தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வண்டிகளில் கிடங்குக்குப் போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஆவாரம்பட்டைக் குவியலைத் தாண்டி, வரிசையாகக் குழிகள். எல்லாக் குழியிலும் தண்ணீர் கலங்கி, நுரைத்து, வேலை நடந்த அடையாளத்தோடு இருந்தது. சுவரோரமாக இருந்த கடைசிக் குழியின்மேல் மட்டும் வெள்ளை ஏடு கட்டியிருந்தது, கைபடாத பால் மாதிரி. பக்கத்து முளையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு ஒன்று காய்ந்து விறைத்துத் தொங்கியது. இத்தனை நாளும் தினமும் அத்தனை பேர் அதைத் தாண்டிப் போய் வந்திருக்கிறார்கள். ஒருவரும் மரியாதை தவறவில்லை. என் உடம்பு சிலிர்த்தது அங்கேதான், பங்களாவில் அல்ல.

இன்ஸ்பெக்டர் குழிக்குள் கோல் விட்டுத் துழாவச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. "துண்டு தொங்குதுங்களே" என்றான் ஒருவன், மன்னிப்புக் கேட்கிற குரலில். கடைசியில் கன்னியம்மாவை உள்ளே விட்டார்கள். அவள் நேராகப் போய்த் துண்டை எடுத்தாள், உதறினாள், மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "எடுத்துட்டேன்டா" என்றாள் குழியைப் பார்த்து.

முதலில் தோல்தான் வந்தது. காணாமல் போன அதே ஆட்டுத்தோல் கட்டு. மத்தியானம் எல்லோரும் போன பிறகும் மிச்ச வேலையை முடித்துவிடலாம் என்று அதை ஊறப்போட இறங்கியிருக்கிறான். கால் வழுக்கியிருக்க வேண்டும். கூப்பிட்டிருந்தாலும் கேட்க யாரும் இல்லை. அடுத்து வந்ததைப் பற்றி நான் எழுத மாட்டேன். அவள் சொன்ன நிறம்தான். சுண்ணாம்பு அவனைக் கெடாமல் வைத்திருந்தது. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கோர்ட்டு மறுபடியும் கூடியது. கேஸைத் தள்ளியாகிவிட்டது, அவளுக்கு விடுதலை. ஆனாலும் எழுதிய வாக்குமூலத்தைச் சொன்னவருக்கு அவர் பாஷையில் படித்துக்காட்டியே முடிக்க வேண்டும் என்பது முறை. நான் படித்துக்கொண்டே வந்தேன். 'ஹி கம்ஸ்' என்று இருந்ததும் 'ஹி இஸ் கமிங்' என்று இருந்ததும் என் வாயில் திரும்பவும் ஒரே 'வர்றான்' ஆயின.

முடித்ததும் அவள் கேட்டாள். "அவன் திருடன் இல்லன்னு எழுதியிருக்குதா சாமி?"

எழுதவில்லை. அந்த வழக்குக்கு அது தேவையும் இல்லை. துரையிடம் சொன்னேன். அவர் பேனாவை மையில் தொட்டு, கூட்டில் தட்டி, அடியில் எழுதி என்னிடம் நீட்டினார்.

"படிங்க சாமி" என்றாள் கன்னியம்மா. "எனக்கோசரம் வேணாம். அவன் காதுல வுழற மாதிரி படிங்க."

"வந்திருக்கானா?" இது கேட்க எனக்குப் பாத்தியதை இல்லாத கேள்வி. கேட்டுவிட்டேன்.

"கதவாண்ட நிக்கிறான். உள்ள வரமாட்டேன்றான். வெக்கப்படறான்."

நான் எழுந்தேன். அத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்று படித்தது அன்று ஒரு நாள்தான். கதவைப் பார்த்து, கணீரென்று தமிழில் படித்தேன். "தோல் கட்டு குழியிலேயே இருந்தது. ஏழுமலை திருடவில்லை. அவன் வேலை செய்துகொண்டிருந்தபோது இறந்தான்."

சுண்ணாம்பு வாசனை எழுந்து, மெதுவாகக் குறைந்தது. கன்னியம்மா மடியிலிருந்த துண்டை எடுத்துக் கூண்டின் கம்பியில் போட்டாள். "எடுத்துக்கோடா" என்றாள். அவள் பார்வை கதவிலிருந்து கம்பிக்கு வந்து, மறுபடி கதவுக்குப் போனது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போறான்" என்றாள்.

இந்த முறை துரைதான் கேட்டார். இத்தனை காலம் என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்கு அந்த இரண்டு சொல்லும் பாடமாகியிருந்தன போலும். கொச்சையாக, மிகவும் மெதுவாக, அவளையே பார்த்துத் தமிழில் கேட்டார். "தினமுமா? இப்பவா?"

"இப்பதான் சாமி. இனிமே வரமாட்டான்."

"ஹி இஸ் கோயிங்" என்றேன்.

துரை பேனாவை வைத்துவிட்டு எழுந்து நின்றார். இன்ஸ்பெக்டர் எழுந்தார், மேஸ்திரி எழுந்தார், எல்லோரும் எழுந்தோம். மஸ்தான் வயிற்றை உள்ளிழுத்து, முதுகைக் கதவுநிலையில் ஒட்டிக்கொண்டு வழிவிட்டான்.